ஜன்னலில் தெரிந்த மனிதன்
ஒரு சிறு முதலீட்டுப் படமும் அதன் பார்வையாளர்களும்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழருடன் ஊர் ஊராகப் போய்ப் படம் திரையிட்டவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். திரையிடல் முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, "படம் எப்படி?" என்று அவர் நம்மிடம் கேட்டதில்லை. "எங்கே சிரிச்சாங்க? எங்கே பேச்சு நின்னுச்சு?" என்றுதான் கேட்பார். பெரும்பாலும் நம்மிடம் பதில் இருக்காது. நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். அவர் மக்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அந்தக் கேள்வியையே இந்த ஆண்டு நினைவுப் பேருரைக்கு எடுத்துக்கொண்டோம். ஒரு படத்தை யார், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பது அந்தப் படத்தின் பொருளை எப்படித் தீர்மானிக்கிறது?

இதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட படம், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்காரர்கள் எடுத்து 1968இல் வெளியிட்ட 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'. செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்னும் திகில் கதை. இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று மாணவர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

உள்ளூர்க்காரர்கள் எடுத்த படம்

இயக்குநர் ஜார்ஜ் ரொமெரோவும் அவருடைய நண்பர்களும் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்தவர்கள். பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கினார்கள். பிறகு தெரிந்தவர்களிடம் திரட்டி, மொத்தம் சுமார் 1,14,000 டாலரில் படத்தை முடித்தார்கள். 1967இல், நகரத்துக்கு வடக்கே எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூருக்கு அருகில், இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீட்டில் படப்பிடிப்பு நடந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. முதலீடு செய்தவர்களில் ஒருவர் இறைச்சிக் கடைக்காரர் என்பதால் இறைச்சிக்குச் செலவில்லை. பிணங்களாக நடித்தவர்களும், கடைசியில் துப்பாக்கியோடு வருபவர்களும் அந்த வட்டாரத்து மக்கள். செய்தியாளராக வருபவர் பிட்ஸ்பர்க் தொலைக்காட்சியில் எல்லாருக்கும் முகம் தெரிந்தவர்.

படத்தின் தலைப்பை மாற்றியபோது விநியோகஸ்தர்கள் பதிப்புரிமைக் குறிப்பை விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனாலேயே உரிமை பறிபோனது. எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்றானதால் படம் மூலைமுடுக்கெல்லாம் போனது.

கதை சுருக்கமானது. பிணங்களிடமிருந்து தப்பி, ஒரு பண்ணை வீட்டில் ஏழு பேர் அடைபடுகிறார்கள். அவர்களில் பென் மட்டும் கறுப்பர். கதவிலும் ஜன்னலிலும் பலகை அடிப்பவர், துப்பாக்கியைத் தேடி எடுப்பவர், பேச்சு மூச்சற்றுக் கிடக்கும் வெள்ளைப் பெண்ணுக்குக் காலணி கொண்டுவந்து போட்டுவிடுபவர் எல்லாம் அவர்தான். நிலவறையில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த கூப்பர் என்ற வெள்ளைக்காரருக்கு பென் சொல்வதைக் கேட்க முடியவில்லை. ஒரு கட்டத்தில், பிணங்கள் துரத்த வீட்டுக்கு ஓடிவரும் பென்னுக்கு அவர் கதவைத் திறக்க மறுக்கிறார். இரவுக்குள் மற்ற எல்லாரும் செத்துப்போகிறார்கள். பென் மட்டும் பிழைக்கிறார்.

விடிகிறது. ஷெரீஃப் தலைமையில் நாய்களோடும் துப்பாக்கிகளோடும் வெள்ளையர் கூட்டம் ஒன்று வயல்வழியே வருகிறது. எழுந்து நடக்கும் பிணங்களைச் சுட்டு எரிப்பது அவர்கள் வேலை. சத்தம் கேட்டு பென் மேலே வந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். வெளியே இருப்பவர்களுக்கு ஓர் உருவம் தெரிகிறது. நெற்றியில் சுடுகிறார்கள். அதன்பின் படம் ஓடுவது நின்று, பத்திரிகைப் புகைப்படங்கள் போன்ற நிழற்படங்கள் வருகின்றன. கையில் கொக்கிகளோடு ஆட்கள் நிற்கிறார்கள். பென்னின் உடலைத் தூக்கி மற்றப் பிணங்களோடு போட்டு எரிக்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

பென்னின் நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒருவர்கூட, ஒரு முறைகூடப் பேசுவதில்லை.

யார் எதைப் பார்த்தார்கள்

படம் வெளியான சில மாதங்களில் ஒரு மதியக் காட்சிக்குப் போன சிகாகோ விமர்சகர் ரோஜர் ஈபர்ட், அரங்கில் நடந்ததை 1969 ஜனவரியில் எழுதினார். அரங்கு நிறையக் குழந்தைகள். முதலில் பயமும் குதூகலமுமாகக் கூச்சல். நேரம் போகப்போகக் கூச்சல் அடங்குகிறது. ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்து அழுகிறாள். வழக்கமான திகில் படத்தில் கதாநாயகன் தப்பிப்பான். இதில் யாரும் தப்பவில்லை. இப்படியொரு படத்துக்குச் சிறுவர்களை எப்படி விட்டார்கள் என்பதே ஈபர்ட்டின் ஆதங்கம். அமெரிக்காவில் படங்களுக்கு வயதுத் தரம் பிரிக்கும் முறை 1968 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. திரைத்தொழில் ஏடான 'வெரைட்டி' இந்தப் படத்தை வெறும் வக்கிரம் என்று சாடியது. அந்த முதல் எதிர்வினைகளில் குழந்தைகள், வன்முறை, ரசனை எல்லாம் பேசப்பட்டன. சுடப்பட்டவர் கறுப்பர் என்பது பேசுபொருளாகவில்லை.

இதே படம் இன்னொரு வகை அரங்கிலும் ஓடியது. வெள்ளைக் குடும்பங்கள் புறநகருக்குப் போய்விட்ட அந்த ஆண்டுகளில், பெருநகரங்களின் நடுப்பகுதித் திரையரங்குகளுக்குப் பெருமளவில் கறுப்பின மக்களே வந்தார்கள். 1969இல் விநியோகஸ்தர்கள் இந்தப் படத்தை 'ஸ்லேவ்ஸ்' என்ற, அடிமைமுறை பற்றிய படத்துடன் சேர்த்து ஒரே டிக்கெட்டில் திரையிட்டார்கள். யாருக்கு இந்தப் படம் புரியும் என்பது வியாபாரிகளுக்கு விமர்சகர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

அந்த அரங்குகளில் இருந்தவர்களின் நினைவில் என்ன இருந்தது? 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் சிதைந்த முகம் இருந்தது. 1963இல் பர்மிங்காமில் போராடியவர்கள் மீது போலீஸ் ஏவிய நாய்கள் இருந்தன. கறுப்பர்களை அடித்துக்கொன்று, அந்தப் புகைப்படங்களை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்ற வழக்கம் இருந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். அதைத் தொடர்ந்து பிட்ஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹில் பகுதி பற்றி எரிந்தது. ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 1 அன்று, அதே நகரத்தின் ஒரு திரையரங்கில்தான் இந்தப் படம் முதன்முதலில் திரையிடப்பட்டது. இந்த நினைவுகளோடு உட்கார்ந்திருப்பவருக்கு நாய்களோடும் துப்பாக்கிகளோடும் வரும் வெள்ளையர் கூட்டம் எப்படி மீட்புப்படையாகத் தெரியும்? கடைசி நிழற்படங்களைப் போன்றவற்றை அவர் முன்பே பார்த்திருந்தார்.

பிறகு படத்தின் மதிப்பு ஏறியது. 1970இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் திரையிட்டது. 1999இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். இன்று இனவெறி பற்றிப் பேசாமல் யாரும் இந்தப் படத்தைப் பற்றி எழுதுவதில்லை. பாராட்டு வருவதற்கு முன்பே அதைச் சரியாகப் பார்த்தவர்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த சாதாரண மக்கள் என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது.

"நிறம் பார்க்கவில்லை"

ரொமெரோ வாழ்நாள் முழுக்க ஒன்றைச் சொல்லிவந்தார். பென் பாத்திரத்துக்கு நிறம் குறித்து எதுவும் எழுதவில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ் சிறப்பாக நடித்தார், அதனால் எடுத்தோம் என்பார். அவர் பொய் சொன்னதாக நாங்கள் நினைக்கவில்லை. ஆனால் "நாங்க சாதியெல்லாம் பார்க்கிறதில்லை" என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது பல நேரம் நேர்மையாகவே சொல்லப்படுகிறது. சொல்பவருக்குப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை என்பதே அதன் பொருள்.

டுவேன் ஜோன்ஸுக்கு அவசியம் இருந்தது. எழுதியபடி பென் முரட்டுத்தனமாகப் பேசும் லாரி ஓட்டுநர். படித்தவரான ஜோன்ஸ் அந்த வசனங்களை அப்படியே பேசாமல் தன் பேச்சுக்கு மாற்றினார். நாம் திரையில் காணும் நிதானமான, கணக்குப்போட்டுச் செயல்படும் பென் பெருமளவு அவருடைய ஆக்கம். வெள்ளைப் பெண்ணைக் கறுப்பு ஆண் அறையும் காட்சியை மற்றவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். அது வெளியில் என்னவாகும் என்று அவர் கவலைப்பட்டார். பென்னைப் பிழைக்கவைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, ஒப்புக்குக் காப்பாற்றப்படுவதைவிடச் சாவதையே கறுப்பின மக்கள் ஏற்பார்கள் என்ற பொருள்பட அவர் வாதிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. பின்னாளில் அவர் நாடகம் இயக்கினார், கல்லூரியில் கற்பித்தார், 1988இல் காலமானார். இயக்குநரின் பெயரைச் சொல்லும் நாம் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெண்மணியின் கதவு

படம் பிட்ஸ்பர்க்கில் வெளியாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டதற்காக வந்த கூட்டத்துக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்களை நிலவுடைமையாளர்களும் அவர்களுடைய அடியாட்களும் எரித்தார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஒன்று கற்பனை, மற்றது நம் வரலாறு. ஆனால் வெண்மணியை அறிந்தவர்கள், உள்ளே அடைபட்டவர்களையும் வெளியே வரும் கூட்டத்தையும் திரையில் வெறும் திகிலாகப் பார்க்க முடியாது. இன்னொன்றும் உண்டு. மேல்முறையீட்டில் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்த உயர் நீதிமன்றம், கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்டது. ஷெரீஃப் ஜன்னலில் பார்த்த உருவத்தை மனிதன் என்று எண்ணவில்லை. நீதிமன்றத்தால் செல்வந்தரைக் கொலைகாரர் என்று எண்ண முடியவில்லை. இரண்டு இடத்திலும் ஒருவரைப் பற்றிய முடிவு அவரைப் பார்ப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

எங்கள் இரண்டு திரையிடல்கள்

இந்த உரைக்காகப் படத்தை இரண்டு இடங்களில் திரையிட்டோம். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டோம். தோழர் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதிவந்தோம், அவ்வளவுதான்.

முதலாவது, ஓர் ஆதிதிராவிடர் நல விடுதி. பிணங்கள் வரும்போது நல்ல சிரிப்பு. கூப்பர் கதவைத் திறக்காத இடத்தில் சிரிப்பு நின்றது. நாய்களோடு கூட்டம் வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி, "அண்ணே, வெளியே வராதண்ணே" என்றான். படம் முடிந்த பிறகு அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "சுடுறதுக்கு முன்னாடி கிட்டப் போய்ப் பார்த்திருக்கலாமில்ல?"

இரண்டாவது, நகரத்துக் கல்லூரி ஒன்றின் திரைப்படக் கழகம். பல சாதி மாணவர்களும் இருந்தார்கள். கூட்டம் வந்ததும், "அப்பாடா, போலீஸ் வந்துருச்சு" என்று கைதட்டல். பென் சுடப்பட்டதும் ஒரு நொடி அமைதி. பிறகு நடந்த பேச்சில் "தெரியாம சுட்டுட்டாங்க" என்பதே திரும்பத் திரும்ப வந்தது. எல்லாரும் கலைந்த பிறகு ஒரு மாணவி எங்களிடம் வந்தார். "எனக்குக் கூட்டம் வந்தப்பவே தெரிஞ்சுடுச்சு தோழர். அங்கே சொல்லத் தோணல. சொன்னா, எல்லாத்தையும் சாதியா பார்க்கிறேன்னு சொல்வாங்க" என்றார்.

அந்த மாணவி சொன்னதுதான் இந்த உரையில் எங்களுக்கு முக்கியமானது. பார்வையாளர் எதிர்வினை என்று நாம் குறித்துக்கொள்வது காதில் விழுந்ததை மட்டும்தான். கலப்பான அரங்கில் ஒருவர் எதைக் கண்டார் என்பதும் எதைச் சொல்லத் துணிந்தார் என்பதும் வேறு வேறு. சமூகவியல் வகுப்பில் கருத்துக்கணிப்பு நடத்தும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கைதட்டியவர்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். கைதட்டாமல் உட்கார்ந்திருந்தவரிடம் தனியாகப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

அப்படியானால் பிறப்புதான் பார்வையைத் தீர்மானிக்கிறதா என்று கேட்கலாம். இல்லை. அனுபவம் தீர்மானிக்கிறது, அனுபவத்தைக் கேட்டும் கற்றுக்கொள்ளலாம். 2017இல் வெளியான 'கெட் அவுட்' இதற்குச் சான்று. அதன் கறுப்பின இயக்குநர் ஜோர்டன் பீல், பென்னின் கதை தன்னைப் பாதித்ததாகச் சொன்னவர். படத்தின் முடிவில், கொலைகாரக் குடும்பத்திடமிருந்து தப்பிய கறுப்பு இளைஞன் சாலையில் நிற்கும்போது போலீஸ் காரைப் போன்ற விளக்கொளி வருகிறது. முதலில் எடுத்த முடிவில் போலீஸ் அவனைக் கைது செய்கிறது. வெளியான படத்தில் வருவது அவன் நண்பன். அந்த விளக்கைக் கண்டதும் கறுப்பர், வெள்ளையர் எல்லாருமே அரங்கில் பதறினார்கள். போலீஸ் வந்தால் இவனுக்குத்தான் ஆபத்து என்று 1968இல் ஒரு பகுதி மக்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது, 2017இல் மொத்த அரங்குக்கும் தெரிந்திருந்தது. இடையில் நடந்த போராட்டங்கள் கற்றுத்தந்த பாடம் அது. படம் மட்டும் அதைச் செய்துவிடவில்லை.

ஆகவே தோழர்களிடம் இரண்டு வேண்டுகோள். இனி திரையிடலுக்கு முன் நீண்ட உரை வேண்டாம். எதைப் பார்க்க வேண்டும் என்று நாமே சொல்லிவிட்டால் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியாமலே போய்விடும். ஒவ்வொரு திரையிடலிலும் இரண்டு பேர் பக்கவாட்டில் உட்கார்ந்து மக்களைப் பாருங்கள், எழுதுங்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும் பேசுபவர்களைக் கேளுங்கள். பேசாமல் எழுந்துபோகிறவர்களோடு வாசல்வரை நடந்துபோங்கள்.

தோழருக்கு நம் வீரவணக்கம்.