கருனியிற் புகும் பிழையும் அதனைக் களையும் முறையும்

நூலொன்றிற் பிழை புகும் வழி இரண்டு. ஆசிரியனே பிழைபட எழுதியது ஒன்று; படியெடுத்தோர் கையிற் பிழைபட்டது மற்றொன்று. சிறுப்பிட்டி தந்த இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1885 இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இலே கலித்தொகையையும் அச்சிடப் புகுந்தபோது, ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, எது மூலம், எது கைப்பிழை என்று துணிய வேண்டியதாயிற்று. அத்தகைய பணி இக்காலத்தில் வேறொரு பெருநூலில் நாள்தோறும் நடைபெற்று வருகின்றது. அந்நூல் மூன்று கோடி வரிகளைக் கடந்தது. அதனை முழுதும் படித்தவர் எவருமிலர். அதுவே லினக்ஸ் என்னும் கருனி. தமிழாசிரியன் இப்பொருளைத் தொடுவானேன் என வினவும் அன்பர்க்கு விடை இது: பாடந்தேர்தல் எங்கள் தொழில், அது புதியதோர் இடத்தில் நடைபெறுங்கால் எட்டிப் பார்க்க எமக்கும் உரிமையுண்டு.

பணிசெயல் முறைமையின் உள்ளீடாய் நிற்கும் பகுதி ஆங்கிலத்திலே கேர்னல் எனப்படும். தமிழ்க் கணினி ஆர்வலர் அதனைக் கருனி என வழங்குவர். அச்சொல்லே ஈண்டும் கொள்ளப்படும். கணினியில் ஒரே வேளையிற் பல செய்நிரல்கள் இயங்குகின்றன. செயலியின் நேரத்தை அவற்றுக்குப் பங்கிடுதலும், நினைவகத்தில் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகாது காத்தலும், திரை, விசைப்பலகை, வலையமைப்பு முதலிய கருவிகளோடு பேசுதலும் கருனியின் தொழில். சாதாரண செய்நிரலொன்று பிழைபடின் கருனி அதனை அப்புறப்படுத்திவிட்டு ஏனையவற்றை நடத்திச் செல்லும். கருனியே பிழைபடின் அதனை அப்புறப்படுத்துவார் இலர். கணினி முழுதும் நின்றுவிடும். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸ், முதலிற் பதினாயிரம் வரியளவினதாயிருந்தது. இன்று கைத்தொலைபேசி முதல் மீக்கணினி வரை அதுவே பெரிதும் ஆள்கின்றது.

இக்கருனி குடிகொள்ளும் இடங்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று ஒற்றைப் பலகைக் கணினி. செயலி, நினைவகம், வாயில்கள் யாவும் உள்ளங்கையளவான ஒரே பலகையில் அமைந்திருக்கும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலுள்ள றாஸ்பெரி பை அறநிலையம், பள்ளி மாணவர் நிரலாக்கம் பயிலவேண்டும் என்னும் நோக்கத்தோடு, 2012 பெப்ரவரி 29 ஆந் திகதி 35 டொலர் விலையில் இத்தகைய பலகையொன்றை வெளியிட்டது. அதன்பின் பல நாட்டார் பலவகைப் பலகைகளைச் செய்து விற்கின்றனர். மழைமானியிலும், கிணற்று நீரிறைக்கும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டிலும், பள்ளி ஆய்வுகூடத்திலும் பயன்படத்தக்கவை இவை. விலை சிறிதாதலால் மாணவன் அச்சமின்றித் தொட்டுப் பார்க்கலாம். இதனினும் பெரிய நன்மை வேறில்லை என்பது எம் கருத்து.

ஆயினும் சிறு பலகைக்கு ஒரு குறையுண்டு. மேசைக் கணினியில், இன்னின்ன கருவிகள் உள என்பதைக் கருனி பெரும்பாலும் தானே கேட்டறிந்து கொள்ளும். பலகைக் கணினியிலோ பல கருவிகள் கேட்டாலும் வாய்திறவா. எந்த முகவரியில் எக்கருவி உளது, எக்கம்பி வழியாக அது கருனியை அழைக்கும் என்பதையெல்லாம் முன்னரே எழுதிக் கொடுத்தல் வேண்டும். முற்காலத்தில் ஒவ்வொரு பலகைக்கும் இவ்விவரம் கருனியின் மூலத்திலேயே தனித்தனியாக எழுதப்பட்டது. ஒன்றுபோலவே ஒன்று தோன்றும் கோப்புக்கள் நூற்றுக்கணக்கிற் பெருகவே, 2011 இலே ரோவால்ட்ஸ் கடுஞ்சினங்கொண்டு கண்டித்தார். (அவர் சொற்களை ஒரு கல்லூரி மலரிற் பெயர்த்தெழுதல் இயலாது.) அதன் பயனாகக் கருவிமரம் என்னும் முறை அப்பலகைகளுக்கும் பரவியது. பலகையின் அமைப்பு முழுதும், குடும்பத்தின் வமிசாவளிபோலக் கிளைகிளையாகத் தனிக்கோப்பொன்றில் எழுதப்படும். கருனி அதனைப் படித்துத் தன் கடமையை உணரும். கருவியொன்று வேலை செய்யாதவிடத்து, கருனியைக் குறைகூறுமுன் இம்மரத்தில் எண்ணொன்று மாறிக் கிடக்கின்றதோ என நோக்குதல் அறிவுடைமை.

இனிப் பிழை தேடும் முறையைக் காண்போம். கருனி விழித்தெழுமுன்னரே வீழுமாயின் திரையில் யாதும் தோன்றாது. ஏனெனில் திரையை எழுப்புவதும் கருனியே. ஆதலால் தேர்ந்தோர் மூன்று கம்பிகளை நாடுவர். றாஸ்பெரி பையின் முனைவரிசையில் 8 ஆம் முனை பேசும். 10 ஆம் முனை கேட்கும். 6 ஆம் முனை புவித்தொடுப்பு. இவற்றை வேறொரு கணினியோடு, பேசும் முனை அங்குள்ள கேட்கும் முனையைச் சேருமாறு இணைத்தால், கருனி தன் முதன்மூச்சிலிருந்து கூறும் சொற்களை வரிவரியாகக் காணலாம். அம்முனைகள் 3.3 வோல்ற்றுக்கே உரியவை. 5 வோல்ற்றுக் கம்பியை இணைப்பவன் பிழையைக் காணான், பலகையை இழப்பான்.

வீழுங்கால் கருனி வாளா வீழ்வதில்லை. தான் நின்ற இடத்தையும், அவ்விடத்துக்கு எவ்வெச் செயற்கூறுகள் வழியாக வந்தது என்பதையும், செயலியின் பதிவகங்களில் இருந்த எண்களையும் உரைத்துவிட்டே வீழும். அவ்வறிக்கைக்கு ஊப்ஸ் என்று பெயர். கை தவறிக் கிண்ணத்தை வீழ்த்திய ஆங்கிலேயன் சொல்லுஞ் சொல் அது. நம்மவர் அமைத்திருப்பின் ‘ஐயையோ’ என்று இட்டிருப்பர். அதனைப் படித்து வருதல், கொலைக்களத்திற் சுவடு பார்த்துப் பின்னோக்கி நடத்தல் போன்றது.

சுவடு போதாதாயின், ஐயத்துக்குரிய இடங்களில் ‘இங்கு வந்தேன்’ எனக் கருனியே சொல்லுமாறு வரிகளைச் சேர்ப்பர். இதில் ஒரு நுட்பமுண்டு. மேற்கூறிய கம்பி பொதுவாக ஒரு செக்கனில் 11,520 எழுத்துக்களையே கடத்தும்; 80 எழுத்துக்கொண்ட வரியொன்றைச் சொல்ல ஏறக்குறைய 7 மில்லிசெக்கன் கழியும். முதலில் வந்த றாஸ்பெரி பையின் செயலிக்கு அவ்விடைவேளை ஏறத்தாழ 50 இலட்சம் துடிப்புக்களாகும். இரு செயல்களுள் எது முந்துவது என்னும் போட்டியாற் பிழை விளைந்திருப்பின், இத்தாமதம் போட்டியையே மாற்றிவிடும். வரியைச் சேர்த்தாற் பிழை மறையும். நீக்கினால் மீண்டும் தோன்றும். இத்தகைய பிழைகளே தேர்ந்தோரையும் பல இரவுகள் விழித்திருக்கச் செய்வன.

கருனி குற்றமற்றதாயிருக்கப் பழி அதன்மேல் விழுவதும் உண்டு. மின்வழங்கல் தளர்ந்தால் றாஸ்பெரி பை காரணமின்றி நிற்பதுபோலத் தோன்றும், 4.63 வோல்ற்றுக்குக் கீழிறங்கின் அதன் புதிய கருனிகள் அக்குறையைப் பதிவேட்டில் எழுதிவைக்கும். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் தடைப்படின் நினைவட்டை பழுதுறும். இவற்றினும் விந்தை 2015 இல் வெளிப்பட்டது. றாஸ்பெரி பை 2 என்னும் பலகையைச் செனன் மின்வெட்டொளியிற் படம்பிடித்தால் அது உடனே அணைந்தது. மின்னழுத்தஞ் சீராக்கும் சில்லொன்று ஒளிபட்டுத் தடுமாறியதே காரணம். கருனியின் மூன்று கோடி வரிகளையுந் துருவினாலும் அப்பிழை அகப்பட்டிராது.

நேற்றைய பதிப்பிற் செவ்வனே இயங்கியது இன்றைய பதிப்பில் இயங்கவில்லையாயின் வேறொரு வழியுண்டு. லினக்ஸ் ஏறக்குறைய ஒன்பது பத்து வாரத்துக்கொருமுறை புதுப்பதிப்புப் பெறுகின்றது. ஒவ்வொன்றிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் அடங்கும். அவற்றுட் குற்றவாளி எது? அகராதியிற் சொல்லைத் தேடுவோன் நடுவிற் புரட்டி, முன்னா பின்னா என்று துணிந்து, எஞ்சிய பாதியை மீண்டும் நடுவிற் பிரிப்பது போலவே இங்குஞ் செய்வர். நடு மாற்றம் வரையிலான கருனியைத் தொகுத்துப் பலகையில் இட்டுப் பார்ப்பர். நன்றாயின் பிழை பிற்பாதியில், தீதாயின் முற்பாதியில். 16,384 மாற்றங்களாயினும் 14 சோதனைகளில் ஒன்று எஞ்சும். கருனியின் உள்ளமைப்பை அறியாத மாணவனும் பொறுமையொன்றையே கொண்டு இதனைச் செய்யலாம். ரோவால்ட்ஸ் 2005 இல் ஆக்கிய கிற் என்னும் பதிவேட்டுச் செய்நிரல் நடுவை எண்ணிக் கொடுக்கும்.

பிழை கண்டபின் திருத்தம். கிழிந்த சால்வைக்கு இடுவதுபோல இதற்கும் ஒட்டு என்றே பெயர். நீக்கும் வரிகளின் முன் கழித்தற் குறியும் சேர்க்கும் வரிகளின் முன் கூட்டற் குறியும் இட்டு, இடம் விளங்குமாறு மேலுங் கீழும் மும்மூன்று வரிகளைக் காட்டி எழுதப்படுவது அது. அவ்வாறு எழுதியதைப் படித்து மூலத்தில் ஒட்டவல்ல செய்நிரலை லாரி வோல் என்பார் 1985 இல் வெளியிட்டார். எமது உள்ளத்தைக் கவர்ந்தது ஒட்டன்று. அதனோடு செல்லும் விளக்கவுரை. பிழை யாது, எதனால் விளைந்தது, எம்மாற்றத்திற் புகுந்தது, அறிவித்தவர் யார், சோதித்தவர் யார் என்பனவெல்லாம் எழுதி, ஈற்றிலே தம் பெயரை உறுதிக் கையொப்பமாக இடவேண்டும். இக்கையொப்ப வழக்கம் 2004 முதல் உளது. ஒரு வரித் திருத்தத்துக்கு முப்பது வரி விளக்கம் எழுதுவாரும் உளர். காரணங் கூறாது பாடத்தை மாற்றிவிட்டுச் சென்ற பதிப்பாசிரியர் தமிழிலும் உளர், பெயர் கூறவேண்டா.

விளக்கம் எழுதிவைத்தலின் பயனை ஒரு வரலாறு காட்டும். ஒரு நினைவகப் பக்கத்தை இரு செய்நிரல்கள் பொதுவாகப் படிக்கலாம். ஒன்று எழுத முற்படின் கருனி அதற்குத் தனிப்படி எடுத்துக் கொடுக்கும். படி கொடுத்தற்கும் எழுதுதற்கும் இடைப்பட்ட நொடியில், அப்படியை வீசிவிடுமாறு அச்செய்நிரலின் மற்றோர் இழை கட்டளையிட்டால், எழுத்து மூலத்திலேயே விழுந்துவிடும். படிக்க மட்டும் உரிமையுடையவன் இவ்வழியாற் கணினியின் தலைமையையே கைப்பற்றலாம். ரோவால்ட்ஸ் 2005 இல் இதனைத் திருத்த முயன்றார். அத்திருத்தம் பெருங்கணினி வகையொன்றில் இடர் விளைத்தமையால் நீக்கப்பட்டது. 2007 முதல் வந்த பதிப்புக்களில் வழி திறந்தே கிடந்தது. 2016 இல் பில் ஓஸ்ரர் என்பார், இதனைக் கொண்டு தாக்குதல் நிகழ்ந்ததைத் தம் கணினியிற் பதிந்த வலைப்போக்குவரத்தினின்று கண்டறிந்தார். அவ்வாண்டு ஒக்ரோபரில் ரோவால்ட்ஸ் எழுதிய ஒட்டின் விளக்கத்திலே, பதினோராண்டுக்கு முன் தாம் இதனைச் செம்மையற்ற முறையில் திருத்த முயன்றதையும், அது ஏன் நீக்கப்பட்டது என்பதையும் மறையாது குறித்தார். அதன் பின்னரும் பெரும்பக்கங்களில் ஓர் இடைவெளி எஞ்சியிருந்தது 2017 இல் வெளிப்பட்டது. ‘எழுதும்போது படியெடுத்தல்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்கள் பசுவைக் குறிக்குஞ் சொல்லாதலின், உலகம் அப்பிழையை ‘அழுக்குப் பசு’ என்றழைக்கின்றது.

மூலம் திருந்தியது, படிகள் திருந்தினவா? இதுவே சிறு பலகை வாங்குவோர் கேட்கவேண்டிய வினா. வணிகர் பலர் கருனியின் பழைய பதிப்பொன்றைப் பிரித்தெடுத்து, தம் பலகைக்கு வேண்டிய மாற்றங்களைச் சேர்த்து விற்பர். அம்மாற்றங்களை மூலத்துக்கு அனுப்பார். ஈராண்டில் அப்பலகையையும் மறப்பர். மூலத்தில் நிகழ்ந்த திருத்தங்கள் அப்படியைச் சென்றடைய வழியில்லை. பலகையோ ஏதோவொரு கூரையின் கீழ் வலையமைப்போடு இணைந்து இயங்கிக்கொண்டே இருக்கும். எனவே பள்ளிக்கென வாங்குவோர் விலையை வினவுமுன், இப்பலகை பொதுமூலத்திலுள்ள கருனியால் இயங்குமா என வினவுதல் நன்று. இயங்குமாயின் வணிகன் மறந்தாலும் உலகம் மறவாது.

செயலியே புதிதாயின் நிலை இன்னும் நுட்பமானது; பிழை கருனியிலா சில்லிலா என்னும் ஐயம் எழும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் ஆக்கப்பட்ட சக்தி என்னும் செயலி, 2018 இல் லினக்சை இயக்கிற்று. முதற் சில்லுகள் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து இன்ரெல் ஆலையில் 22 நனோமீற்றர் நுட்பத்திலும், பின்னர் அவ்வாண்டிலேயே சண்டிகாரில் 180 நனோமீற்றர் நுட்பத்திலும் வார்க்கப்பட்டன. அச்செயலி தழுவிய ரிஸ்க்-ஃபைவ் இலக்கணம் லினக்சின் பதிப்பொன்றில் முதலில் வெளிவந்ததும் அவ்வாண்டு சனவரியிலேயே. சக்தியின் வரைவு எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. நூலும் உரையும் ஒருங்கே கையிலிருப்பவன் ஐயத்தை எளிதிற் றீர்ப்பான்.

படிகள் திருந்தாமையின் விளைவு ஒன்றுக்கு நாளுங் குறிக்கப்பட்டுள்ளது. கருனி காலத்தை 1970 சனவரி முதலாந் திகதியிலிருந்து செக்கன்களாக எண்ணுகின்றது. 32 பிற்றுக் கணினிகளில் அவ்வெண் 2,147,483,647 இற்கு மேற்செல்லாது. 2038 சனவரி 19 ஆந் திகதி, தைப்பொங்கல் கழிந்த சின்னாளில், இலங்கை நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனில் அது நிரம்பும். அடுத்த செக்கனிலே திருந்தாத பலகை தான் 1901 டிசம்பரில் இருப்பதாகக் கருதும். தாமோதரம்பிள்ளையவர்கள் மறைந்த ஆண்டு அது. ஆர்ண்ட் பேர்க்மன், தீபா தினமணி முதலியோர் பல்லாண்டு உழைத்துக் கருனியிற் காலவெண்ணை 64 பிற்றாக விரித்தனர். 2020 மார்ச்சில் வெளிவந்த 5.6 ஆம் பதிப்பு அவ்வேலை நிறைவுற்ற முதற்பதிப்பு. கருனி மட்டும் போதாது. சீ மொழி நூலகமும் அதனை நம்பிய செய்நிரல்களும் புதிதாகத் தொகுக்கப்படல் வேண்டும். குனூ சீ நூலகத்தில் அதற்கான வழி 2021 இல் வந்த 2.34 ஆம் பதிப்பில் உளது. தம் பலகையிலுள்ள கருனி எப்பதிப்பு என அறிய விழையும் மாணவர், ‘யூநேம் -r’ என்னும் கட்டளையை இட்டுப் பார்க்கலாம்.