கைத்தொலைபேசி ‘டீப் புளூ’வை விஞ்சுவது எப்படி?

உரும்பிராயில் ஒரு மாணவி கைத்தொலைபேசியில் ‘ஸ்டொக்ஃபிஷ்’ சதுரங்க நிரலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 1997 மே மாதம் நியூயோர்க்கில் உலகச் சம்பியன் கஸ்பரோவை 3½–2½ என வென்ற ஐபிஎம்மின் ‘டீப் புளூ’ கணினியைவிட அது வலிமையானது. ஏன்?

டீப் புளூவின் பலம் வேகம். சதுரங்கத்துக்கென்றே செய்த 480 சிப்புகள் செக்கனுக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்தன. கைத்தொலைபேசிக்கு அந்த வேகம் இல்லை.

இன்றைய நிரலின் பலம் தெரிவு. பயனற்ற நகர்வுகளை விரைவில் கைவிட்டு, நம்பிக்கை தருபவற்றையே ஆழமாகத் தொடர்கிறது. மதிப்பிடும் முறையும் மாறிவிட்டது. டீப் புளூவுக்கு எது நல்ல நிலை என்பதைப் பெரும்பாலும் மனிதரே வகுத்துக் கொடுத்தார்கள். ஸ்டொக்ஃபிஷ் 2020 முதல், கோடிக்கணக்கான நிலைகளில் பயிற்றப்பட்ட நரம்பு வலையமைப்பைக் கொண்டு மதிப்பிடுகிறது.

தெரிவின் பலம் 2009இலேயே தெரிந்தது. புவனஸ் ஐரிஸ் போட்டியொன்றில், செக்கனுக்கு 20,000க்கும் குறைவான நிலைகளையே பார்த்த ‘பொக்கெட் ஃபிரிட்ஸ் 4’ என்ற சதுரங்க நிரல், கைத்தொலைபேசியில் ஓடி 10 ஆட்டங்களில் 9½ புள்ளி பெற்றது.

எமது பிள்ளைகள் ஸ்டொக்ஃபிஷ் நிரலைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும். அது காட்டும் நகர்வை மனனம் செய்வதைவிட, அந்த நகர்வு ஏன் சிறந்தது என்று ஆராய்வதே அவர்களை வளர்க்கும்.