புல் வெட்டப் போகும் பிள்ளை

என் அத்தானுக்கு மார்க்கத்தில் புல் வெட்டும் தொழில். இன்சூரன்ஸ் பேப்பர் வந்தால் வாசிப்பது நான். கம்ப்யூட்டர்காரனுக்கு எல்லாம் விளங்கும் எண்டது அவருடைய நம்பிக்கை!

மெஷினில் கல் தெறித்துப் பக்கத்து வீட்டுக் கண்ணாடி உடைந்தால் பொறுப்புக் காப்புறுதி காசு தரும். மெஷினே களவு போனால் தராது. கருவிகளுக்குத் தனியாக எடுக்க வேணும். வேலைக்கு வந்த பொடியனின் விரல் வெட்டுப்பட்டாலும் தராது. நாங்கள் கவனிக்காமல் விடுகிற இடம் இதுதான். ஒன்ராறியோவில் அதைப் பார்ப்பது டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனும் வேலையிடக் காப்புறுதிச் சபை. முதல் ஆளை எடுத்து 10 நாட்களுக்குள் முதலாளி அங்கே பதிய வேணும். கோடையில் மட்டும் வரும் மாணவனும் ஆள்தான்.

உங்கட பிள்ளை போகும் இடத்தில், சம்பளத்துக்கு முதல் இந்தப் பதிவைக் கேளுங்கோ. சபையின் இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம், காசில்லை.