உதறுவதும் பிடிப்பதும்

சுவரைத் துடைப்பதற்கென்றே ரொட்டி வாங்கி வைத்த காலம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குளிர்காலம் கழிந்து கணப்பு அணைந்ததும், பழைய ரொட்டியைப் பெரிய துண்டுகளாக வெட்டுவார்கள். காய்ந்த மேலோடு கைக்குப் பிடியாகும். மெத்தென்ற உட்பக்கத்தைச் சுவர்க் காகிதத்தின் மேல் வைத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் மெல்ல இழுப்பார்கள். நாலைந்து இழுப்பில் ரொட்டி கறுத்துப் போகும். கறுத்ததைச் சீவி எறிந்துவிட்டு அடுத்த பட்டையைத் தொடங்குவார்கள். அது ஆறு மாதக் கரிப்புகை. நிலக்கரிக் கணப்பும் எண்ணெய் விளக்கும் வாயு விளக்கும் எரிய, குளிருக்காகச் சன்னல்களை இறுக அடைத்து வைத்த வீட்டில் அது வேறெங்கே போகும்? திருமதி பீட்டன் 1861இல் வெளியிட்ட புகழ்பெற்ற இல்லப் பராமரிப்பு நூலும், வசந்தத்தில் வீட்டைத் துப்புரவு செய்ய வேண்டியதற்கு இந்தப் புகையையே காரணமாகச் சொல்கிறது. நம் ஊரில் ஒட்டடை அடித்து வெள்ளையடிப்பது போகியை ஒட்டி வரும். ஆண்டு முழுவதும் காற்றோட்டமாக இருக்கும் வீடுகளில் பண்டிகை நாள் குறித்தால் போதும். பிரிட்டனிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் அந்த வேலைக்கு நாள் குறித்தது வானிலை.

ஏன் வானிலைக்காகக் காத்திருக்க வேண்டும்? குளிர்காலத்தின் நடுவிலேயே பெருக்கித் துடைத்திருக்கலாமே என்று தோன்றும். அப்போதைய கருவிகளால் தூசியை இடம் மாற்ற முடிந்தது, பிடித்து வைக்க முடியவில்லை என்பதுதான் இதற்கு விடை என்று நினைக்கிறேன். இடம் மாற்றத்தான் முடியும் என்றால் வீட்டுக்கு வெளியே மாற்ற வேண்டும். அதற்குச் சன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும், வெயில் அடிக்க வேண்டும். ஈரானியர்கள் தங்கள் புத்தாண்டான நவ்ரோஸுக்கு முன் செய்யும் வீட்டுத் துப்புரவின் பெயருக்கே ‘வீட்டை உதறுதல்’ என்றுதான் பொருள். அந்தப் பருவக் கட்டாயத்திலிருந்து வீட்டை விடுவித்தது வாக்குவம் கிளீனர். ஆனால் அந்த இயந்திரத்தின் உயிர் எல்லோரும் சொல்வதுபோல அதன் உறிஞ்சும் சக்தியில் இல்லை. உறிஞ்சிய காற்றிலிருந்து தூசியைப் பிரித்துப் பிடித்து வைக்கும் துணியில் இருக்கிறது.

துடைப்பத்தின் போதாமையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அசையாத காற்றில் 100 மைக்ரான் அளவுள்ள தூசி, அதாவது தலைமுடியின் பருமனைவிடச் சற்றே பெரிய துகள், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழ ஆறு விநாடி போதும். 10 மைக்ரான் துகளுக்கு எட்டு நிமிடம் பிடிக்கும். 1 மைக்ரான் துகளுக்கோ ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். ஆள் நடமாடும் அறையில் காற்று அசையாமல் இருப்பதே இல்லை என்பதால் உண்மையில் இன்னும் நீளும். காலையில் பெருக்கும்போது கிளம்பிய நுண்தூசி மாலையில்தான் மேசைமேல் வந்து அமரும். மறுநாள் மறுபடி கிளம்பும். முறத்தில் வந்து சேர்வதெல்லாம் பெருந்தூசி மட்டுமே. அக்காலப் பெண்கள் இதை எண்கள் இல்லாமலேயே அறிந்திருந்தார்கள். கம்பளத்தைப் பெருக்கும் முன் குடித்து மிஞ்சிய தேயிலைச் சக்கையை ஈரத்தோடு அதன்மேல் தூவினார்கள். தூசி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. நாம் சாணம் தெளித்து, தண்ணீர் தெளித்து வாசல் பெருக்குவதும் இதே அறிவுதான். சுவரில் ரொட்டி செய்த வேலையும் இதுவே. பிடிக்கும் பொருள் ஒன்று வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் கம்பளத்தின் இழைகளுக்கு அடியில் இறங்கிவிட்ட தூசிக்கு ரொட்டியும் எட்டாது, தேயிலையும் எட்டாது. ஆணிகளைப் பிடுங்கிக் கம்பளத்தைச் சுருட்டி, வெளியே கொடியில் போட்டு, பிரம்பு மட்டையால் அடிப்பதைத் தவிர அதற்கு வழியில்லை.

இயந்திரம் செய்தவர்களும் நெடுநாள் தூசியை நகர்த்துவதையே சிந்தித்தார்கள். அமெரிக்காவில் பிஸ்ஸல் என்பவர் 1876இல் உருளும் தூரிகைப் பெட்டி செய்தார். அழுத்தக் காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் கருவிகளும் வந்தன. அப்படியொரு கருவியை 1901இல் லண்டனின் எம்பயர் அரங்கில் செயல்விளக்கம் காட்டினார்கள். பார்வையாளர்களில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் இருந்தார். பாலங்களும் பெரிய ராட்டினங்களும் கட்டியவர். ஊதுவதற்குப் பதில் ஏன் உறிஞ்சக்கூடாது என்று அவர் கேட்டதற்கு, அது நடக்காது என்று பதில் வந்தது. பிறகு விக்டோரியா வீதி உணவகம் ஒன்றில், வெல்வெட் போன்ற துணி போர்த்திய நாற்காலியில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார், மூச்சு அடைத்தது. நடுவில் ஒரு கைக்குட்டையை விரித்து உறிஞ்சினார் என்றும், அதன் அடிப்பக்கத்தில் தூசி வட்டமாகப் படிந்திருந்தது என்றும் பரவலாகச் சொல்கிறார்கள். உறிஞ்சலாம் என்ற எண்ணம் அவருக்கு அரங்கிலேயே வந்துவிட்டது. அதை இயந்திரமாக்கும் வழியைக் காட்டியது அந்தக் கைக்குட்டை. காற்று கடந்து போக வேண்டும், தூசி கடக்கக் கூடாது. இரண்டையும் ஒரே துணி செய்ய வேண்டும்.

பூத் கட்டிய இயந்திரம் வீட்டுக்குள் நுழையாது. குதிரைகள் இழுத்து வரும் சிவப்பு வண்டியில் எஞ்சினும் பம்பும் பெரிய துணி வடிகட்டியும் இருக்கும். வண்டி தெருவில் நிற்க, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே உள்ளே விடுவார்கள். எஞ்சின் இரைச்சலில் தெருக்குதிரைகள் மிரண்டதாகப் புகார் வந்து, வழக்கு வரை போனது. குழாயின் ஒரு பகுதி உள்ளே ஓடும் தூசி தெரியும்படி கண்ணாடிபோல் இருந்ததால் சீமாட்டிகள் தோழிகளை அழைத்து வேடிக்கை பார்த்தார்கள். 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் இந்த இயந்திரம்தான். விரித்த கம்பளத்தைச் சுருட்டாமலே, வெளியே எடுத்துச் செல்லாமலே, வானிலை பார்க்காமலே சுத்தம் செய்ய முடியும் என்று ஒரு நாடு முழுவதும் கண்டுகொண்டது.

அந்த வண்டியைக் கையடக்கமாக்கியவர் பெரிய பொறியாளர் அல்லர். ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் ஆஸ்துமா நோயாளி. கம்பளம் பெருக்கினால் மூச்சு இழுத்தது. 1907இல் ஒரு மின்விசிறி மோட்டாரையும், ஒரு பெட்டியையும், துடைப்பக் காம்பையும் சேர்த்துக் கட்டி, பின்னால் தலையணை உறையைத் தொங்கவிட்டார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு அதை வாங்கிப் பெருந்தொழிலாக்கியவர் தோல் சாமான் வியாபாரியான வில்லியம் ஹூவர். இங்கிலாந்தில் இன்றும் இந்த வேலைக்கே அவர் பெயர்தான். என் மனத்தில் நிற்பது அந்தத் தலையணை உறை. மூச்சுக்குத் தவித்த ஒருவர் தன் நுரையீரலுக்குப் போகவிருந்த தூசியை ஒரு துணிக்குள் போகும்படி திருப்பிவிட்டிருக்கிறார்.

உள்ளே நடப்பது எளிது. விசிறி சுழன்று காற்றைப் பின்னால் தள்ள, பெட்டிக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே ஏறத்தாழ 1,00,000 பாஸ்கல் அழுத்தத்தில் இருக்கும் வளிமண்டலம் அந்தக் குறைவை நோக்கிப் பாய்கிறது. பாயும் வேகத்தில் தூசியையும் அள்ளிக்கொண்டு வருகிறது. வீட்டுக் கருவி அழுத்தத்தைக் குறைப்பது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். பெயரில் வெற்றிடம் இருந்தாலும் உள்ளே வெற்றிடம் கிடையாது. குழாயின் வாயைக் கையால் மூடினால் மோட்டாரின் குரல் கீச்சென்று உயரும். திணறுகிறது என்று நினைப்போம், ஆனால் தள்ளுவதற்குக் காற்றில்லாததால் சுமை குறைந்து இன்னும் வேகமாகச் சுழல்கிறது. பை நிறைந்தாலும் இதே குரல்தான். துணியின் வேலை இதைவிட நுட்பமானது. சல்லடைபோல் ஓட்டையைவிடப் பெரியதை மட்டும் நிறுத்துவதாக இருந்தால் நுண்தூசி தப்பிவிடும். ஆனால் இழைகளுக்கிடையே காற்று வளைந்து செல்கையில், கனமான துகள் வளைய முடியாமல் நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறியது காற்றின் மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தாறுமாறாக அலைந்து ஏதாவதொரு இழையில் மாட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் 0.3 மைக்ரான் அளவுதான் பிடிக்கக் கடினம். ஹெப்பா எனப்படும் உயர்திறன் வடிகட்டியை அந்த அளவில் வைத்துச் சோதிப்பது அதனால்தான், 99.97 சதவீதம் பிடித்தாக வேண்டும். அது பிறந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்து அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகளைக் காற்றிலிருந்து பிடிக்க வேண்டிய தேவையிலிருந்து.

பை இல்லாத கருவிகள் வந்துவிட்டனவே, அப்புறம் துணிக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். அப்படியொரு கருவியை உருவாக்கிய ஜேம்ஸ் டைசன், பை அடைத்துக்கொண்டு இழுவை குறைவதைக் கண்டு, மர ஆலைகளில் உள்ளதுபோல் காற்றைச் சுழலவிட்டுத் தூசியைப் பக்கச் சுவரில் வீசியெறியும் முறையை எடுத்துக்கொண்டு, 5,127 மாதிரிகள் செய்து பார்த்தார். அந்த உழைப்பு வணங்கத்தக்கது. ஆனால் சுழல் முறை பெருந்தூசியைப் பிரித்தாலும், மிக நுண்ணியதில் கொஞ்சம் காற்றோடு போய்விடுகிறது. அதற்காக அவருடைய கருவிகளிலும் பின்னால் வடிகட்டி உண்டு. அவர் துணியின் சுமையைக் குறைத்தார், துணியை நீக்கிவிடவில்லை. வாட் அதிகம் இருந்தால் நன்றாகச் சுத்தமாகும் என்பது இன்னொரு வாதம். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1,600 வாட் என்றும், 2017இல் 900 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது. அதற்குள் நின்றே கம்பளத்தைச் சுத்தம் செய்யும் கருவிகளை நிறுவனங்கள் செய்து காட்டின. கடையில் பெட்டிமேல் அச்சிட்ட வாட் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் மின்கட்டணத்தின் அளவைத்தான் பார்க்கிறார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வசந்தத் துப்புரவின் பிடியைத் தளர்த்தியது இயந்திரமா, நிலக்கரி போனதா? சுவரைப் பொறுத்தவரை நிலக்கரி போனதுதான். சின்சினாட்டியில் சுவர்க் கரியை ஒற்றியெடுக்கும் பசை மாவு விற்ற குட்டோல் நிறுவனம், வீடுகள் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் மாறியதும் வாங்குவாரின்றித் தவித்து, அதே மாவை 1956இல் குழந்தைகள் விளையாடும் ப்ளே-டோவாக விற்றது. கம்பளத்தின் கதை வேறு. அங்கிருக்கும் தூசி செருப்பில் வந்த மண், துணி நூல், உதிர்ந்த தோல் துணுக்கு. கரி நின்றாலும் அது நிற்கவில்லை. ஆகவே இரண்டும் உண்மை, ஆனால் கம்பளத்தைக் கொடியிலிருந்து இறக்கியது இயந்திரமே. அதனால் பெண்களின் உழைப்பு குறைந்ததா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்கு 52 மணி நேரமும் 1960களில் 55 மணி நேரமும் வீட்டுவேலை செய்ததாக ஆய்வாளர் ஜோயன் வானெக் 1974இல் காட்டினார். கம்பளத்தைத் தூக்கவும் அடிக்கவும் முன்பு ஆண்களும் பணியாட்களும் வந்தார்கள். இயந்திரம் வந்தபின் அது ஒற்றை ஆளின் வாராந்திர வேலையாயிற்று என்று வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் விளக்கினார். இது இயந்திரத்தின் குற்றமன்று. யார் கையில் அதைக் கொடுத்துவிட்டு மற்றவர் ஒதுங்கிக்கொண்டார்கள் என்பதன் குற்றம்.

துணியே முதன்மை என்பதற்குக் கடைசிச் சான்றை மருத்துவம் தருகிறது. கம்பளத்திலும் மெத்தையிலும் வாழும் தூசி உண்ணிகள் அரை மில்லிமீட்டருக்கும் சிறியவை. உதிர்ந்த தோலைத் தின்பவை. அவற்றின் எச்சம்தான் பலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டுகிறது. உயிருள்ள உண்ணி இழையை இறுகப் பற்றிக்கொள்வதால் கருவி அதை எளிதில் இழுத்துவிடாது. 60 டிகிரி வெந்நீரில் விரிப்புகளைத் துவைத்தால் சாகும். எச்சத்தைக் கருவி அள்ளும். ஆனால் வடிகட்டி கிழிந்திருந்தாலோ, மூடியின் ரப்பர் விளிம்பு சரியாகப் பதியாமல் இருந்தாலோ, தரையில் அமைதியாகக் கிடந்ததைப் பின்பக்கக் காற்று மூக்கு உயரத்துக்கு வாரித் தூவிவிடும். நல்ல ஹெப்பா வடிகட்டியைக்கூட ஒரு தளர்ந்த மூடி வீணாக்கும். பையை மாற்றும் நேரம் இன்னும் ஆபத்து: இத்தனை நாள் பிடித்து வைத்ததெல்லாம் ஒரே நொடியில் கிளம்பக்கூடும். ஆஸ்துமா உள்ளவர் அதைத் தொடக்கூடாது. தொடுகிறவர் முகக்கவசம் அணிந்து, கருவியை முற்றத்துக்குத் தூக்கிப் போய், காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று, பையின் வாயை அடைத்து மெல்ல எடுக்க வேண்டும்.