வட்டம் கறுக்கும் வரை – 14: எண் இல்லாத கடிகாரம்

குரூப் 4 தேர்வின் மூன்றாவது மணி நேரத்தில் மூளை மக்கர் பண்ணாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தவன் நார்மன் மேக்வொர்த் என்கிற உளவியலாளரிடம் மாட்டிக்கொண்டேன்.

இரண்டாம் உலகப் போர். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் ரேடார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கண்ணெதிரே வந்த புள்ளியைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க கேம்பிரிட்ஜில் மேக்வொர்த் ஒரு கடிகாரம் செய்தார். வெள்ளை முகப்பு, எண்ணே கிடையாது, ஒற்றைக் கறுப்பு முள். நொடிக்கு ஒரு தாவல், நூறு தாவலில் ஒரு சுற்று. எப்போதாவது முள் இரண்டு தாவலை ஒன்றாகத் தாவும். உடனே பொத்தானை அமுக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை, ஆனால் தனியாக இரண்டு மணி நேரம்.

முதல் அரை மணி தாண்டியதுமே ஆட்கள் கோட்டை விட ஆரம்பித்தார்கள். அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றியபோது அந்தச் சரிவு இல்லை. இதையெல்லாம் சொல்லும் அவருடைய கட்டுரை 1948இல் வெளியானது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஒரு சோதனையில், நடுவே தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் நன்றாகப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். ஓய்வில்லை, டீ இல்லை. கவனம் மீண்டுவிட்டது!

நான் படித்த காலத்தில் பாட்டி அடுப்படியிலிருந்து அடிக்கடி குரல் கொடுப்பாள்: "டேய், படிக்கிறியா?" பற்றிக்கொண்டு வரும். இப்போது அந்தக் கோபத்தை வாபஸ் வாங்குகிறேன்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் ஒரு தம்பியைப் பார்த்தேன். "தினம் 12 மணி நேரம் சார்" என்றான். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். காலையில் படித்த பக்கங்களில் இரண்டு மூன்று வரிக்கு மட்டும் மஞ்சள் அடித்திருந்தான். சாயங்காலம் படித்த பக்கங்களில் மஞ்சள் இல்லாத வரியே இல்லை. எது முக்கியம் என்று பிரிக்கும் வேலையை மூளை எப்போதோ நிறுத்திவிட்டது, பேனா மட்டும் ஓடியிருக்கிறது. காட்டியபோது அவனுக்கே ஆச்சரியம்.

மேக்வொர்த் கதையைச் சொல்லி, அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கச் சொன்னேன்.

"எழுந்தா சீட் போயிடும் சார்."

இதற்கு மேக்வொர்த்திடமும் பதில் கிடையாது. குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, மூன்று மணி நேரம், கேள்விக்கு 54 நொடி என்ற கணக்கும், விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்கிற ஐந்தாவது வட்டமும் அடுத்த வாரம். இந்த முறை நிஜமாகவே.