துப்பாக்கி இருந்தால் மட்டும் போதாது!

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு எப்படித் தயாராகிறார்கள்?

நவம்பர் மாதம் பாதி கழிந்துவிட்டால் போதும், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் ஆரஞ்சு நிறமாகிவிடும்!

கடைவீதியில் ஆரஞ்சுத் தொப்பி. பெட்ரோல் பங்கில் ஆரஞ்சுக் கோட்டு. ஓட்டலில் காலைச் சிற்றுண்டி சாப்பிடுகிறவர்கள் உடம்பிலும் கண்ணைப் பறிக்கும் அதே ஆரஞ்சு.

இவர்கள் யார்? ஏதாவது கட்சியின் தொண்டர்களா?

இல்லை. மான் வேட்டைக்காரர்கள்!

விஸ்கான்சின் பால் பண்ணைகளுக்குப் பேர்போன மாநிலம். காடும் வயலும் மாறி மாறி வரும் பூமி. அங்கே பெரிய துப்பாக்கி வேட்டை ஆண்டுக்கு 9 நாள் நடக்கும். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்களுக்கு நன்றி கூறும் திருநாள். அதற்கு முந்திய சனிக்கிழமை வேட்டை ஆரம்பமாகும். திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடியும். இந்த 9 நாளுக்காக லைசென்சு வாங்குகிறவர்கள் 5 லட்சத்துக்கும் அதிகம்.

மானைச் சுடலாமா?

இந்தியாவில் மானைச் சுட்டால் சிறைதான். 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. புள்ளிமான், கடமான் எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

விஸ்கான்சினில் நிலைமை வேறு. அங்கே இருப்பது வெள்ளைவால் மான். அதன் தொகை 10 லட்சத்தைத் தாண்டும். பண்ணைப் பகுதிகளில் மானைக் கொன்று தின்னும் ஓநாய்கள் அரிதாகிவிட்டன. ஆகவே மான்கள் பெருகிவிட்டன. மக்காச்சோளத்தையும் சோயா மொச்சையையும் மேய்ந்துவிடுகின்றன. இரவு நேரத்தில் சாலையில் பாய்ந்து கார்களில் மோதுகின்றன.

எனவே ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை மானைச் சுடலாம் என்று அரசாங்கமே கணக்குப் போட்டு அனுமதி தருகிறது. வேட்டை அங்கே திருட்டுத் தொழில் அல்ல. சட்டத்துக்கு உட்பட்ட காரியம்.

சரி, அந்த வேட்டைக்கு என்ன வேண்டும்? "நல்ல துப்பாக்கி!" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அனுபவம் உள்ள வேட்டைக்காரர்கள் துப்பாக்கியை முதலில் சொல்லமாட்டார்கள்.

முதலில் அனுமதி

காரணம், விஸ்கான்சினில் பெரும்பகுதி நிலம் தனியாருக்குச் சொந்தம். காடு என்றாலே அரசாங்கத்துக்குத்தான் சொந்தம் என்று எண்ணிவிடக் கூடாது. மரம் அடர்ந்த காடும் ஒரு விவசாயியின் பட்டா நிலமாக இருக்கும்.

அந்த நிலத்தில் வேலி இல்லாமல் இருக்கலாம். "உள்ளே வராதே" என்ற பலகையும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.

எனவே விவரம் தெரிந்தவர்கள் கோடைக் காலத்திலேயே போய் விவசாயியைப் பார்த்துக் கேட்கிறார்கள். வேட்டைக்கு முதல் நாள் இரவில் போய்க் கதவைத் தட்டுவதில்லை. எத்தனை பேர் வருவார்கள், வண்டியை எங்கே நிறுத்தலாம், மாடுகள் எந்தப் பக்கம் மேய்கின்றன என்பதையெல்லாம் கேட்டுக்கொள்கிறார்கள். வாய்ச்சொல் போதும் என்றாலும், ஒரு தாளில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது எல்லை. வேலி எங்கே முடிகிறது? ஓடைக்கு அப்பால் யார் நிலம்? பகலில் ஒருமுறை நடந்தே பார்த்துவிட வேண்டும். இப்போது நில எல்லையைக் காட்டும் வரைபடம் கைபேசியிலேயே கிடைக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த பயங்கரம்

இது சாதாரண மரியாதைப் பிரச்னை என்று நினைத்துவிட வேண்டாம்.

2004-ஆம் ஆண்டு நவம்பர் 21. வேட்டைப் பருவத்தின் இரண்டாம் நாள். வடக்கு விஸ்கான்சினில் ஒருவர் மரத்தில் கட்டிய பரண் ஒன்றில் ஏறி உட்கார்ந்திருந்தார். அது பிறருடைய நிலம். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து அவரைப் போகச் சொன்னார்கள். வாய்ச் சண்டை மூண்டது. சண்டை முற்றித் துப்பாக்கி வெடித்தது.

6 பேர் உயிர் இழந்தார்கள். 2 பேர் காயம் அடைந்தார்கள்.

முதலில் சுட்டது யார் என்பது பற்றிக் கோர்ட்டில் இரண்டு விதமாகச் சொன்னார்கள். பரணில் இருந்தவரே குற்றவாளி என்று 2005-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

வேட்டைக்கு வந்தவர்கள் எல்லோர் கையிலும் துப்பாக்கி இருக்கும். அந்த இடத்தில் "இது யார் நிலம்?" என்ற தகராறு வரவே கூடாது. அனுமதிதான் முதல் ஆயத்தம் என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான்.

ஏன் ஆரஞ்சு?

இனி உடைக்கு வருவோம்.

மான் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே அணியும் வெளி உடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சாக இருக்க வேண்டும். தொப்பி போட்டால் அதிலும் பாதி அந்த நிறம் இருக்க வேண்டும். 1980-ஆம் ஆண்டிலிருந்து இது சட்டம். 2016-ஆம் ஆண்டில் பளிச்சென்ற ரோஜா நிறத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள்.

"இப்படிப் பளபளத்தால் மான் ஓடிவிடாதா?" என்று கேட்கலாம். ஓடாது! மனிதன் கண்ணில் நிறம் அறியும் அணுக்கள் மூன்று வகை. மானின் கண்ணில் இரண்டு வகைதான். சிவப்பு, ஆரஞ்சு நிறங்களை அதனால் பிரித்து அறிய முடியாது. நமக்குத் தீப்பிழம்புபோல் தெரியும் கோட்டு, மானுக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் நீல நிறம் மானுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நீலக் கால்சட்டையைத் தவிர்க்கிறார்கள்.

ஆரஞ்சுக் கோட்டு மானுக்காக அல்ல. மற்றொரு வேட்டைக்காரரின் கண்ணுக்காக!

ஆகாத நிறம் ஒன்று உண்டு

அதுதான் வெள்ளை. இந்த மான் மிரண்டால் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். வாலின் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும். ஆகவே வேட்டைக் காலத்தில் வெள்ளைக் கைக்குட்டையைக்கூட வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதற்கும் ஒரு துயரக் கதை உண்டு. அது நடந்தது விஸ்கான்சினில் அல்ல. அமெரிக்காவின் கிழக்குக் கோடியில் உள்ள மெய்ன் மாநிலத்தில். 1988-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே ஒரு பெண் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் வெள்ளைக் கம்பளி உறை. பக்கத்துக் காட்டில் இருந்த வேட்டைக்காரர் மான் என்று எண்ணிச் சுட்டுவிட்டார். அவள் இறந்துபோனாள்.

சுட்டவரைக் கோர்ட்டு விடுதலை செய்தது. ஆனால் மக்கள் மனம் ஆறவில்லை. மானின் தலையையும் உடலையும் தெளிவாகப் பார்த்த பிறகே சுட வேண்டும் என்று அந்த மாநிலத்தில் பின்னர் சட்டம் வந்தது.

துப்பாக்கியும் பள்ளிக்கூடமும்

இப்போதுதான் துப்பாக்கிக்கு வருகிறோம்!

ரைபிளை உறையிலிருந்து எடுத்தவுடனே காட்டுக்குப் போகக் கூடாது. முதலில் 100 கஜ தூரத்தில் காகிதக் குறியை வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். மேலே பொருத்திய தொலைநோக்கி எங்காவது இடித்திருந்தால் குறி தப்பும். குறி தப்பினால் மான் சாகாது. காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து வதைபடும். ஒரே தோட்டாவில் முடிக்க வேண்டும் என்பது வேட்டைக்காரரின் தர்மம்.

வேட்டை வகுப்பும் உண்டு. விஸ்கான்சினில் இந்தப் பாதுகாப்புப் பயிற்சி 1967-ஆம் ஆண்டில் தொடங்கியது. 1973 ஜனவரி 1-ந் தேதியோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் இதில் தேறினால்தான் சொந்தமாக லைசென்சு வாங்கலாம். அங்கே சொல்லிக்கொடுக்கும் பாடம் நான்கே வரிதான்.

1. எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே எண்ண வேண்டும்.

2. துப்பாக்கியின் முனை எப்போதும் ஆபத்து இல்லாத பக்கம் இருக்க வேண்டும்.

3. எதைச் சுடுகிறோம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

4. சுடும் நேரம் வரை விரல் விசைப் பக்கம் போகக் கூடாது.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். ரைபிள் தோட்டா இரண்டு மைலுக்கு மேலும் போகும். மேட்டின் உச்சியில் நிற்கும் மானைச் சுட்டால், குறி தவறிய தோட்டா மறுபக்கம் யார் வீட்டில் விழுமோ! ஆகவே மானுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால்தான் சுட வேண்டும். பிறருடைய வீட்டுக்கு 100 கஜத்துக்குள் அவர்கள் அனுமதி இல்லாமல் சுடுவது குற்றம்.

பரணில் ஏறும்போது

காட்டில் அலைந்து திரிந்து மானைப் பிடிக்க முடியாது. அதற்கு மோப்பம் அதிகம். காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி வீச வேண்டும். நம்மிடமிருந்து மானை நோக்கி வீசினால் அன்றைக்கு வேட்டை முடிந்தது!

ஆகவே முன்கூட்டியே போய்க் குளம்புத் தடங்களைப் பார்க்கிறார்கள். கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரங்களைத் தேடுகிறார்கள். மான் வரும் வழியில், காற்றின் திசை பார்த்து, மரத்தில் பரண் கட்டுகிறார்கள். அதற்கும் நிலச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். பிறர் மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது.

பரணிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. ஆகவே தோளையும் தொடையையும் சுற்றிக் கட்டும் பாதுகாப்பு வார் அவசியம். தரையைவிட்டுக் கால் எடுக்கும்போதே அதை மாட்டிவிட வேண்டும். துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி ஏறக் கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டு, கீழேயே வைத்துவிட்டு ஏறி, பிறகு கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ள வேண்டும்.

பையில் என்ன?

அங்கே நவம்பரில் தண்ணீர் உறையும் குளிர். விடியுமுன் போய் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். தடித்த கோட்டு ஒன்றைவிட மெல்லிய கம்பளிச் சட்டைகள் மூன்று மேல். நடக்கும்போது வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். வேர்வையில் நனைந்த உடைதான் குளிரில் எமன்!

பையில் இவை இருக்கும்: கைவிளக்கு, திசைகாட்டி, தீப்பெட்டி, கட்டுத் துணி, கூர்மையான கத்தி, ரப்பர் கையுறை, மானை இழுக்க 15 அடிக் கயிறு, பிளாஸ்கில் சூடான காப்பி, இரண்டு ரொட்டி.

ஒரு பெரிய ஆண் மான் 150 பவுண்டுக்கு மேல் இருக்கும். காட்டிலிருந்து அதை இழுத்து வருவது லேசான வேலை அல்ல. இதயக் கோளாறு உள்ளவர்கள் தனியாக இழுக்கக் கூடாது என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

மான் வேலி தாண்டினால்?

சுட்ட மான் சில சமயம் ஓடிப்போய்ப் பக்கத்து நிலத்தில் விழும். "என் மான்தானே!" என்று வேலி தாண்டிப் போக முடியாது. பக்கத்து நிலக்காரரிடமும் அனுமதி கேட்டாக வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரையும் முன்பே பார்த்துப் பேசி வைப்பார்கள்.

மான் கிடைத்ததும் குடலை அகற்றி, உடலைச் சீக்கிரம் குளிர வைக்க வேண்டும். மறுநாள் மாலை 5 மணிக்குள் அரசாங்கத்துக்குத் தகவல் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

மான்களை உருக்கிக் கொல்லும் நோய் ஒன்றும் இருக்கிறது. அது 2002-ஆம் ஆண்டில் விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு அது தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோய் கண்ட மானை உண்ண வேண்டாம் என்பது சுகாதார இலாகாவின் யோசனை. ஆகவே நோய் பரவிய பகுதியில் மானைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு தெரிந்த பிறகு சமைக்கிறார்கள்.

நிலம் கொடுத்த விவசாயிக்கு இறைச்சியில் ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுப்பது நல்ல வழக்கம். வேலி சாய்ந்திருந்தால் தூக்கி நிறுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அடுத்த ஆண்டும் கதவு திறக்கும்!

மேஜைமேல் ஒரு சீட்டு

கடைசியாக ஒன்று. இதற்குக் காசு செலவு இல்லை.

எந்த நிலத்துக்குப் போகிறோம், எந்தப் பக்கத்துப் பரணில் இருப்போம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு சீட்டில் எழுதி வீட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு ஆள் வராவிட்டால் எங்கே தேடுவது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

வேட்டைப் பருவத்தின் நடுவில்தான் அந்தத் திருநாள் வருகிறது. குடும்பம் முழுவதும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். அன்று மான் கறி இல்லாவிட்டால் யாரும் குறைப்பட்டுக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாற்காலி காலியாக இருந்தால்தான் குறை!