மினாராக்கள் எழும்பும் வரைபடம்

வாங்க, இன்றைக்கு மூடிக் கிடக்கிற ஒரு கதவைத் திறந்து உள்ளே பார்ப்போம்! நுரையீரல் புற்றுநோயில் பரம்பரைக்கு என்ன பங்கு என்று தேடுகிறவர்களின் ஆய்வுகூடம் அது. உள்ளே நடப்பதை அறிந்தால் உற்சாகத்தில் இருப்புக் கொள்ளாது.

முதலில் ஒரு குழாய் இரத்தம். அதிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, 37 பாகைச் சூட்டில் ஓர் இரவு முழுக்கப் பெருக்குகிறார்கள். பிறகு அதைத் துண்டு துண்டாக்கி, கண்ணுக்குத் தெரியாத மணிகள் பதித்த ஒரு சில்லின் மேல் விடுகிறார்கள். லேசர் பட்டதும் மணிகள் சிவப்பாகவும் பச்சையாகவும் மின்னும்! ஒரே நிறமென்றால் அந்த இடத்தில் உம்மாவும் வாப்பாவும் தந்த டி.என்.ஏ. எழுத்து ஒன்றே. இரு நிறமும் கலந்திருந்தால் ஆளுக்கோர் எழுத்துத் தந்திருக்கிறார்கள். ஆன்கோஅறே என்ற சில்லு, ஒருவரின் மரபுத்தொகுதியில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒரே வீச்சில் வாசித்துவிடும்.

இனித்தான் உச்சக்கட்டம். நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். வித்தியாசம் எவ்வளவு உறுதியோ, புள்ளி அவ்வளவு உயரும். பெரும்பாலானவை அடியிலேயே கிடக்க, நம் கல்முனைக் கரையில் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை வீதியில் போகும்போது கூரைகளுக்கு மேல் மினாராக்கள் தெரிவதுபோல, சில இடங்களில் மட்டும் புள்ளிகள் விண்ணென்று எழும்பி நிற்கும்.

2008இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகத் தேடி, ஒரே உயரத்தைக் கண்டன: 15ஆம் நிறமூர்த்தம். நிக்கொட்டீனைப் பிடித்துக்கொள்கிற வாங்கிகளின் மரபணுக்கள் அங்கேதான் இருக்கின்றன! 2012இல் ஆசியாவில் புகைத்தே அறியாத பெண்களிடம் தேடினால், அந்த உயரத்தையே காணோம். அவர்களுக்கு 6ஆம், 10ஆம் நிறமூர்த்தங்களில் வேறு இடங்கள் எழும்பின. 15ஆம் நிறமூர்த்தத்தின் ஆபத்து புகையின் வழியாகத்தான் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அடுத்த விருந்து 2017இல் வந்த ஒரு பெரிய ஆய்வு. 29,266 நோயாளிகள், 56,450 நோயற்றவர்கள். நோயோடு தொடர்புள்ள 18 இடங்கள் எழும்பின, அவற்றில் 10 புதியவை. புற்றை வகை வகையாகப் பிரித்ததும் படமே மாறிவிட்டது! சில இடங்கள் அடினோகார்சினோமா என்ற வகையில் மட்டுமே எழும்பின. நிறமூர்த்த நுனிகளின் நீளத்தைக் காக்கிற மரபணுக்கள் இந்த வகையோடுதான் நெருக்கம். 5ஆம் நிறமூர்த்தத்தின் டேர்ட் மரபணு அவற்றில் முக்கியமானது. செதிற்கலப் புற்று என்ற இன்னொரு வகையின் கதை வேறு. மார்பகப் புற்றால் பெயர்பெற்ற பிஆர்சிஏ2 மரபணுவின் ஓர் அரிய மாற்றம், இந்த வகையின் ஆபத்தை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குவதாக 2014இல் தெரிந்தது. ஒரே உறுப்பில் வந்தாலும் இவற்றின் பரம்பரை வேர்கள் ஒன்றல்ல!

கல்முனைக் கரைக்கு இதில் நேரடியான சேதி இருக்கிறது. நம் ஊர்களில் குடி தாய்வழியாக வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. ஆகவே உம்மா பக்கத்துச் சொந்தத்தை மூத்தம்மாமார் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். மரபணுவோ இரு பக்கமிருந்தும் பாதிப் பாதியாக வருகிறது. வைத்தியர் குடும்ப வரலாற்றைக் கேட்டால், வாப்பாவின் சகோதரிகள், அவர்கள் பிள்ளைகள் வரை சொல்லுங்கள். யாருக்காவது நுரையீரல் புற்று வந்திருந்தால், திசுப் பரிசோதனை அறிக்கையில் உள்ள வகையையும் எழுதி வையுங்கள்.

மரபணு இப்படியெல்லாம் ஆபத்தைக் கூட்டிக் குறைத்தாலும், புகையிலையின் பங்கு அதைவிட மிகப் பெரியது. பீடியையும் சிகரெட்டையும் விடுவது எந்த எழுத்தோடு பிறந்தவருக்கும் நன்மையே.

ஓர் ஆசையும் உண்டு. 2017 ஆய்வின் அந்தப் பெருந்தொகையினர் ஐரோப்பிய வம்சாவளியினர். சாய்ந்தமருது, அக்கரைப்பற்று மக்களின் இரத்தமும் இத்தகைய சில்லுகளில் ஏற வேண்டும். நம் நோயின் வேரை நம் எழுத்துகளிலேயே தேடும் காலம் விரைவில் வரட்டும்!